அழிந்த பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் கீழ்த்தளத்துக் கடைகளுக்கு எல்லாரும் எதையாவது வாங்க வருவார்கள். மாடியில் இருக்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தொலைத்ததைத் தேடி வருகிறார்கள். ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு இவற்றில் காணாமல் போன ஃபைல்களை எடுத்துக் கொடுப்பது என் தொழில். கல்யாண போட்டோகிராபர், ஆடிட்டர் ஆபீஸ் கணக்கர், பிஎச்டி மாணவி, ரிட்டயர்டு வாத்தியார் என்று படியேறி வருகிற முகங்கள் வேறு வேறு. முதல் வாக்கியம் மட்டும் மாறாது. "நான் ஒண்ணுமே பண்ணலை சார், தானா போயிடுச்சு."

உட்காரவைத்து டீ சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் கதை வெளியே வரும். "ஃபார்மட் பண்ணணும்னு கேட்டுச்சு, ஓகே குடுத்தேன்." "யூடியூப்ல பார்த்து ஒரு சாஃப்ட்வேர் இறக்கினேன்." எதில் இறக்கினீர்கள் என்று கேட்டால், ஃபைல் தொலைந்த அதே டிரைவில். பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் விண்டோஸை மறுபடி போட்டுத் தந்திருப்பான். நான் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை. என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் எது மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியும். ஃபைல் போன நிமிஷத்தில் ஆன சேதத்தைவிட, அடுத்த ஒரு மணி நேரம் பதறிப்போய் நாமே செய்கிற சேதம்தான் எங்கள் கடையில் அதிகம்.

டெலிட் அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பட்டாதாரர் பெயரை அடித்துவிட்டால் அந்த நிமிஷமே வீடு இடிந்துவிடுவதில்லை. இடம் காலி என்று பதிவேடு சொல்லும், வீடு அங்கேயே நிற்கும். புதிதாக ஒருவர் வந்து மனையில் கட்ட ஆரம்பிக்கும்போதுதான் பழைய சுவர் போகும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். பல பென் டிரைவ்களிலும் மெமரி கார்டுகளிலும் இருக்கிற ஃபேட்32 முறையில், ஃபைல் பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு குறியை வைக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரின் என்டிஎஃப்எஸ் முறையில், 'உபயோகத்தில் உள்ளது' என்ற குறியீட்டை அணைக்கும். அவ்வளவுதான். 50 ஜிபி சினிமாவை டெலிட் செய்தால் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறதே, அதே சினிமாவைக் காப்பி செய்ய எத்தனை நிமிஷம் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பதைத் துடைக்க வேண்டுமென்றால் அதற்கும் அவ்வளவு நேரம் ஆகும். அந்த வேலையை அது செய்வதே இல்லை.

ரீசைக்கிள் பின்னில் போவது இதற்கும் முந்தைய படி. அங்கே ஃபைல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அழியக்கூட இல்லை. அதைத் திறந்து பார்க்காமலே பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் காசு வாங்குவதில்லை.

காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு போட்டோகிராபர் தம்பி வந்தார். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். இரண்டுக்கும் கார்டு தனித்தனி.

"அண்ணே, கார்டை மாத்திப் போட்டுட்டேன்ணே. ரிசப்ஷனுக்குன்னு ஃபார்மட் பண்ணது காலையில எடுத்த கார்டு."

"அப்புறம் அதுல எடுத்தியா தம்பி?"

"கொஞ்சம் எடுத்தேன்ணே."

"கொஞ்சம்னா?"

"பொண்ணு மாப்பிள்ளை ஸ்டேஜுக்கு வர்ற வரைக்கும். அப்பதான் பையில இன்னொரு கார்டு காலியா இருக்கறதைப் பார்த்தேன். உடனே கழட்டிட்டேன்."

அந்த 'உடனே கழட்டிட்டேன்' என்ற ஒரு வார்த்தைதான் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் ஆல்பத்தைக் காப்பாற்றியது. எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். கீழே தள்ளினால் லாக். பெரும்பாலான கார்டு ரீடர்கள் அதை மதித்து எதையும் எழுதவிடாது. முதலில் அதைத் தள்ளினேன். பிறகு 64 ஜிபி கார்டை அப்படியே, காலி இடம் உட்பட ஒரு பைட் விடாமல், என் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுத்தேன். இதை நாங்கள் இமேஜ் எடுப்பது என்போம். இனி தேடுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான். அசல் கார்டு கவருக்குள் போய்விட்டது. இமேஜ் எடுக்காமல் அசலிலேயே நேரடியாகத் தேடுகிற கடைக்காரரிடம் உங்கள் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

கேமரா ஃபார்மட் செய்தபோது புதிய பதிவேடு எழுதப்பட்டுவிட்டது, பழைய ஃபைல் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த ஜேபெக் படமும் ஒரே மாதிரியான மூன்று பைட்களில்தான் தொடங்கும். ரா ஃபைலுக்கு வேறு தொடக்கம், பிடிஎஃப்புக்கு வேறு. கிறிஸ்தோஃப் கிரேனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகத் தந்திருக்கும் போட்டோரெக் போன்ற மென்பொருள்கள் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. கார்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அந்தத் தொடக்கக் குறிகளைத் தேடிக்கொண்டே போகும். கிடைக்கிற படத்துக்கு அதுவாக ஒரு எண்ணைப் பெயராக வைக்கும். ஆயிரக்கணக்கான படங்கள் எண் வரிசையில் கொட்டினால் எது எப்போது எடுத்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா எழுதிவைத்த தேதி, நேரம் இருக்கும். அதை வைத்து அடுக்கினோம். திரையில் மஞ்சள் அரிசி, மேளக்காரர், தாலி கட்டு என்று வரிசையாக வந்தபோது தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றே பார்த்தார்.

எல்லாம் வரவில்லை. ஃபார்மட் ஆன கார்டில் கேமரா புதிய படங்களை முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கும். பழைய படங்களில் முதலில் எடுத்தவை விடிகாலை மாப்பிள்ளை அழைப்பு. ஸ்டேஜுக்கு வந்த காட்சி அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேலே எழுதப்பட்டதை எடுக்க முடியுமா என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. முடியாது. போலீஸால் முடியும், அமெரிக்காவில் முடியும் என்பதெல்லாம் சினிமா பார்த்த பேச்சு. வீடியோவும் பாதிதான் வந்தது. வீடியோ ஃபைல் பெரியது. கார்டில் துண்டு துண்டாக விழுந்திருக்கும். பல கேமராக்கள் அதற்கான அட்டவணையை ரெக்கார்டிங் முடிந்த பிறகு கடைசியாகத்தான் எழுதும். பதிவேடு இல்லாமல் துண்டுகளைக் கோர்ப்பது போட்டோவைப்போல் சுலபமில்லை.

டெலிட் செய்த பிறகும் ஃபைல் அப்படியே கிடக்கும் பாக்கியம், சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குக் கிடையாது. இப்போது வாங்குகிற லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான். அதில் ஓர் இடத்தில் புதிதாக எழுத வேண்டுமென்றால் முதலில் பழையதைத் துடைத்தாக வேண்டும். எழுதும்போது துடைத்தால் தாமதமாகும் என்பதால், ஃபைலை டெலிட் செய்த உடனேயே 'இந்த இடம் வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குத் தகவல் கொடுத்துவிடும். இதற்கு டிரிம் என்று பெயர். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இது தானாகவே இயங்குகிறது. தகவல் கிடைத்ததும் எஸ்எஸ்டி ஓய்வு நேரத்தில் அந்த இடங்களைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நீங்கள் மவுஸைத் தொட வேண்டாம், கரன்ட் இருந்தால் போதும். "நான் எதுவும் தொடலை சார், ஆன் பண்ணி மட்டும் வெச்சிருந்தேன்" என்று சொல்கிறவரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். எஸ்எஸ்டியில் முக்கியமான ஃபைல் போய்விட்டால், ஷட் டவுன் என்ற மரியாதைகூட வேண்டாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அதற்குப் பிறகும் வாய்ப்பு குறைவுதான்.

போனில் அதைவிடக் குறைவு. இன்றைய ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாது. டெலிட் ஆன படத்தின் சாவியும் கூடவே போய்விடும். 'அழிந்த போட்டோவை மீட்கும்' ஆப்கள் பிளே ஸ்டோரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை போனில் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் சிறிய முன்னோட்டப் படங்களைப் பொறுக்கிக் காட்டிவிட்டுக் காசு கேட்கும். அதற்கு முன் கூகுள் போட்டோஸின் டிராஷைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஆன படமாக இருந்தால் 60 நாள் வரை அங்கே இருக்கும்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் பழுதாவது வேறு ரகம். அதில் ஃபைல் அழிவதில்லை, படிக்கிற ஊசிதான் போகும். ஹெட் என்கிற அந்தச் சிறு முனை, நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். மேஜையிலிருந்து விழுந்தால் ஹெட் வளையும், அல்லது தட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கேட்கிற சத்தத்தை வைத்தே எங்கள் கடைப் பையன்கள் நோயைச் சொல்லிவிடுவார்கள். டொக்... டொக்... டொக் என்று சீராக அடித்தால் ஹெட் போயிற்று. ங்ஙீ என்று முனகிவிட்டு நின்றால் மோட்டார் சிக்கியிருக்கிறது. அந்தச் சத்தம் கேட்ட பிறகும் 'ஒருவேளை வந்தாலும் வரும்' என்று திரும்பத் திரும்பச் சொருகிப் பார்ப்பது, உடைந்த ஊசியால் தட்டைச் சுரண்டுவதுதான். சுரண்டிய தூளில் இருந்தது உங்கள் பெண்ணின் முதல் பிறந்தநாள்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓடும் என்று ஒரு நம்பிக்கை எப்படியோ பரவியிருக்கிறது. குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்ததும் தட்டில் நீர்த்துளி படியும். தயவுசெய்து வேண்டாம். இன்னொன்று, "போர்டு போயிருக்கும், அதே மாடல் போர்டை மாத்திடுங்க" என்று அறிவுரையோடு வருகிறவர்கள். பழைய டிஸ்க்குகளில் அது நடந்தது. இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றின் ஹெட்டுக்கும் உரிய அளவுகள் போர்டில் உள்ள ஒரு சில்லில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சில்லையும் எடுத்துப் புது போர்டில் ஒட்டினால்தான் வேலைக்காகும். ஹெட் மாற்ற வேண்டுமென்றால் அதே மாடலில் இன்னொரு நல்ல டிஸ்க் வேண்டும். அதை டோனர் என்போம். மாடல் எண் ஒத்துப்போனாலும் உள் எண்கள் ஒத்துப்போகாமல் வாரக்கணக்கில் டோனர் தேடியிருக்கிறோம். மூடியைத் திறப்பது தூசி வடிகட்டிய காற்றோட்டம் உள்ள மேஜையில் நடக்க வேண்டும். ஃபேன் காற்றில், வாடிக்கையாளர் கண்ணெதிரே திறந்து காட்டுகிறவர்களும் இந்தத் தெருவில் உண்டு. அது வித்தை காட்டுவது, அங்கே நிற்காதீர்கள்.

கை வைக்காமல் விட்டால் எது வரைக்கும் மீளும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கொலம்பியா. 2003 பிப்ரவரி 1 அன்று அந்த விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். சிதறி விழுந்த பொருள்களில் கருகி உருகிய ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது. வெறும் 400 எம்பி. விண்வெளியில் நடந்த ஒரு செனான் வாயு ஆய்வின் அளவீடுகள் அதில் இருந்தன. அமெரிக்காவின் ஆன்ட்ராக் நிறுவனத்தார் தட்டுகளை எடுத்துச் சுத்தம் செய்து வேறு டிஸ்க்கில் பொருத்தி, 99 சதவீதத்தை வெளியே எடுத்தார்கள். ஆய்வு முடிவு 2008-ல் வெளியானது. டிஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது, அதில் ஓடியது பழைய டாஸ். அது டேட்டாவை இறைக்காமல் ஒரே இடத்தில் வரிசையாக எழுதியிருந்தது. கருகி உருகிய அதை யாரும் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்திருக்கவும் வழியில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டைப் பக்கங்களிலிருந்து சேற்றோடு வந்த டிஸ்க்குகளில் எங்களை அழவைத்தவை, வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்தவைதான். தண்ணீர் காய்ந்தால் அதிலிருந்த சேறும் உப்பும் தட்டில் ஒட்டிவிடும். நனைந்த டிஸ்க்கை நனைந்தபடியே பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். அரிசிப் பானையிலும் புதைக்க வேண்டாம்.

வீட்டிலேயே முயன்று பார்க்கலாமா? டிஸ்க் சத்தமில்லாமல், ஆரோக்கியமாக இருந்து, தெரியாமல் டெலிட் செய்ததுதான் விஷயம் என்றால் தாராளமாக. அந்த டிரைவில் எதையும் எழுதக் கூடாது, மீட்பு மென்பொருளை வேறு கம்ப்யூட்டரில் போட வேண்டும், மீட்டதை வேறு டிஸ்க்கில் சேமிக்க வேண்டும். போட்டோரெக், ரெக்குவா இலவசமாகக் கிடைக்கின்றன. மைக்ரோசாஃப்டே 2020 முதல் ஒரு மீட்புக் கருவியை இலவசமாகத் தருகிறது. கட்டளை தட்டித்தான் ஓட்ட வேண்டும், கொஞ்சம் முரட்டு ஆசாமி. டிஸ்க் அங்கங்கே திக்கித் திணறினால் மீட்பு மென்பொருள் ஓட்டாதீர்கள். அது முழு டிஸ்க்கையும் போட்டு உலுக்கும். லினக்ஸில் உள்ள ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ அந்த மாதிரி டிஸ்க்குக்கென்றே எழுதப்பட்டது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, மோசமான பகுதிக்குப் பிறகு திரும்பி வரும். அதுவும் பழகியவர் கையில்தான்.

விண்டோஸ் 11 லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. மதர்போர்டு போய், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கும். அது இல்லாமல் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். இன்றைக்கே எடுத்து அச்சடித்து, பத்திரம் வைக்கிற பீரோவில் வையுங்கள்.

இதுவரை சொன்னது எங்கள் பிழைப்பு. எங்களிடம் வராமல் இருப்பதற்கான வழி ஒன்றுதான், இன்னொரு பிரதி. அதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். பலர் வைத்தும் இருக்கிறார்கள். இருந்தும் வருகிறார்கள் என்பதுதான் விசேஷம். அசலை அழித்த அதே கை எட்டுகிற தூரத்தில் பிரதியும் இருந்தது என்பதே முக்கால்வாசிக் காரணம்.

ஆடிட்டர் ஆபீஸ் ஒன்று. டாலி கணக்கு தினமும் வெளி டிஸ்க்கில் பேக்கப் ஆகும்படி ஒழுங்காக அமைத்திருந்தார்கள். வெளி டிஸ்க் எந்நேரமும் கம்ப்யூட்டரில் சொருகியே இருந்தது. யாரோ காசு கொடுக்காமல் ஒரு மென்பொருளின் கிராக் இறக்கினார். அதோடு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரேன்சம்வேர் வந்தது. கம்ப்யூட்டரில் இருந்த ஃபைல்களைப் பூட்டிய கையோடு பேக்கப் டிஸ்க்கையும் பூட்டிவிட்டது. "பேக்கப் இருக்கு சார், அதுவும் லாக் ஆயிடுச்சு" என்று அந்த ஆபீஸிலிருந்து வந்த பெரியவர் சொன்னபோது என்ன பதில் சொல்வது? யூரோபோலும் டச்சு போலீஸும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கும். அவர்களுக்கு வந்த வகைக்குக் கிடைக்கவில்லை. பேக்கப் முடிந்ததும் வயரைக் கழற்றுவது ஐந்து நொடி வேலை.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இருக்கிறதே என்பார்கள். லேப்டாப்பில் உள்ள ஃபோல்டரோடு இணைத்து வைத்திருந்தால், இங்கே அழித்தது சில நொடிகளில் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் டிராஷில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். பரீட்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தீசிஸ் ஃபோல்டரைத் தேடுகிற மாணவிக்கு அந்த 30 நாள் போதாது. ஊரெல்லாம் போனில் எடுக்கிற படம் ஒரு பக்கம், வாட்ஸ்அப் பேக்கப் ஒரு பக்கம் என்று கூகுளின் இலவச 15 ஜிபி நிரம்பி வழிகிறது. நிரம்பிய பிறகு பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். நோட்டிஃபிகேஷனை நாம் தள்ளிவிட்டிருப்போம்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கில்லை. 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, சர்வரில் யாரோ தட்டிய ஒரு கட்டளை படத்தின் ஃபைல்களை அழிக்கத் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பேக்கப் டேப்பை எடுத்துப் பார்த்தால், அது பல வாரங்களாகச் சரியாக வேலை செய்யவே இல்லை. காப்பாற்றியவர் கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். அதற்காகப் படத்தின் பிரதி அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. போர்வை சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க இடம் கொடுத்ததால் பிழைத்த படம் அது, கம்பெனிகள் கவனிக்கவும்.

2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்தது இன்னும் பெரிய பாடம். களைத்துப்போயிருந்த ஒரு இன்ஜினியர், ஒரு சர்வரில் அழிக்க வேண்டியதை வேறு சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்புக்கு ஒன்றல்ல, பல ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். தினசரி பேக்கப் ஓடும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் போய்ச் சேரவே இல்லை. பேக்கப் வைக்கும் இடத்தைத் திறந்தால் காலி. அதே இன்ஜினியர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதி கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேர வேலை போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் வெளியிட்டார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள். அதனால்தான் நமக்கு இவ்வளவும் தெரிகிறது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் எரிந்தது. 858 டெராபைட். வெளியே வேறு பிரதி இல்லை. அளவு பெரியது, பேக்கப் எடுக்க முடியவில்லை என்றார்கள். கம்ப்யூட்டர் தொழிலில் உலகத்துக்கே முன்னால் நிற்கிற நாடு அது.

போட்டோகிராபர் பீட்டர் க்ரோ தன் புத்தகத்தில் எழுதிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு. 3-2-1 என்பார்கள். அசலோடு சேர்த்து மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. நம் வீட்டுக்கு இதை எப்படிப் பொருத்துவது? முதலில் எது போனால் ஈடு கிடையாது என்று பிரியுங்கள். ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் டிஜிலாக்கரில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். சினிமாவும் பாட்டும் எங்கேயும் கிடைக்கும். வேறு யாரிடமும் இல்லாதது எது? அப்பாவின் குரல் பதிவு, குழந்தைகளின் படம், நீங்கள் எழுதியது, தொழில் கணக்கு. அதைப் பிரித்தால் பெரும்பாலான வீடுகளில் ஒரு 1 டிபி டிஸ்க்குக்குள் அடங்கிவிடும்.

இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள், வேறு வேறு கம்பெனியாக. ஒன்று வீட்டில், ஒன்று தங்கை வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். நடுவில் சேர்ந்ததற்குக் கிளவுட் இருக்கட்டும். பென் டிரைவில் மட்டும் வைத்துவிட்டுப் பேக்கப் என்று சொல்லாதீர்கள். அது ஃபைலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிப்போக வந்தது. வருஷக்கணக்கில் பீரோவில் கிடந்தால் உள்ளே மின்னேற்றம் கசியும். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பவற்றில் நிஜக் கொள்ளளவு அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஃபைல் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எழுதுகிறவர்கள், சிறு பத்திரிகை நடத்தியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 90-களின் பேஜ்மேக்கர் ஃபைல்களை மீட்டுக் கொடுத்தால், திறந்து பார்த்துவிட்டு "தமிழே இல்லையே சார்" என்கிறார்கள். அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றி யூனிகோடில் ஒரு பிரதி, அச்சுக்குப் போன வடிவத்தில் பிடிஎஃப் ஒரு பிரதி, கூடவே அந்தப் பழைய எழுத்துரு ஃபைலும் என்று வைத்துவிடுங்கள். பேஜ்மேக்கரைத் திறக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இதையெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேக்கப் டிஸ்க்கை எடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் வேண்டாம், வேறு ஒருவர் கம்ப்யூட்டரில் சொருகுங்கள். பழைய படம் ஒன்று, வீடியோ ஒன்று, கணக்கு ஃபைல் ஒன்று, மூன்றையும் திறந்து கடைசி வரை ஓடுகிறதா பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், அது உங்களைத் தவிர வீட்டில் இன்னொருவருக்காவது தெரியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே புது டிஸ்க் வாங்கிவிடுங்கள், அசல் இன்னும் உயிரோடு இருக்கிறது.